புள்ளியில் அறுந்த கட்டளை

முனைவர் பட்டத்துக்காக நான் சேகரித்த கதைப்பாடல்கள் ஒரு குறுந்தகட்டில் கிடந்தன. இசக்கியம்மன் கதை, நீலி கதை, தோட்டுக்காரியம்மன் கதை. குமரி மாவட்டத்துக் கொடைவிழாக்களில் வில்லில் பாடப்படுகிறவை. 2020 ஊரடங்கில் அதைத் தேடியெடுத்துத் திறந்தபோது ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. 'பெண்' என்று இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் என், ஜி, இசட் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் நின்றன.

காரணம் எளிது. அன்றைக்கு வடசேரியில் ஒரு டி.டி.பி. கடையில் அதைத் தட்டச்சு செய்த அக்கா பாமினி எழுத்துருவில் அடித்திருந்தார். பாமினியில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தைப் போர்த்துகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை விலகிவிடும். 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிவிடும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒதுக்கப்பட்ட விசை அரைப்புள்ளி.

என் அக்கா மகள் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தாள். "சித்தி, இத ஒண்ணொண்ணா திருத்தாண்டாம், கமாண்ட்ல போட்டுறலாம்" என்று பழைய மடிக்கணினி ஒன்றில் உபுண்டுவை நிறுவிக் கொடுத்து, கிரெப் என்ற கட்டளையையும் சொல்லித் தந்தாள். கிரெப், இடைவெளி, தேடும் சொல், இடைவெளி, கோப்பின் பெயர். அவ்வளவுதான். நான் 'பெண்' என்பதன் பாமினி வடிவத்தை அடித்து, கோப்பின் பெயரையும் அடித்து, என்டரைத் தட்டினேன். ஒன்றும் வரவில்லை. சதுரப்புள்ளி மட்டும் கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.

கட்டளைகளை வாங்கிச் செயல்படுத்தும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். ஷெல்லுக்கு அரைப்புள்ளி என்றால் 'ஒரு கட்டளை இங்கே முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது' என்று பொருள். ஆகவே 'பெண்' புள்ளியில் அறுந்துவிட்டது. முன்பாதியை வாங்கிக்கொண்ட கிரெப், எந்தக் கோப்பில் தேடவேண்டும் என்று தெரியாமல் என் விசைப்பலகையையே பார்த்துக் காத்திருந்தது. சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. உதவிக் குறிப்பைப் படிக்க 'மேன்' என்று அடிக்கவேண்டும் என்றாள் மகள். மேனுவல் என்பதன் சுருக்கமாம். எதைக் கேட்டாலும் முதலில் மேனைக் கேட்கவேண்டியிருப்பதைக் குறித்து நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கட்டளைமொழிகளின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இவை பொறியாளர்களின் சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன். கிரெப் பிறந்த கதையோ ஒரு பனுவல் ஆய்வின் கதை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவாகிக்கொண்டிருந்த 1970-களின் தொடக்கத்தில், லீ மெக்மேஹன் என்பவர் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1787-88இல் ஒரே புனைபெயரில் மூவர் எழுதிய 85 கட்டுரைகள் அவை. அவற்றில் சிலவற்றை எழுதியது யார் என்பதில் நெடுநாள் வழக்கு. சொற்களை எண்ணிப் பார்த்தால் எழுதியவரின் கைரேகை தெரியுமா என்பது அவருடைய கேள்வி. அன்றைய எட் என்ற தொகுப்பானால் அத்தனை கட்டுரைகளையும் ஒன்றாகத் தாங்க முடியவில்லை. ஆகவே கென் தாம்ப்சன் அந்தத் தொகுப்பானுக்குள் இருந்த தேடும் பகுதியை மட்டும் பெயர்த்தெடுத்துத் தனிக் கருவியாக்கினார். கிரெப் என்ற பெயரே எட்டில் அந்த வேலைக்கு அடிக்கும் கட்டளையின் எழுத்துச் சேர்க்கைதான். ஓடும் எழுத்தில் திருத்தம் செய்யும் செட் என்ற கருவியை மெக்மேஹனே 1973-74இல் எழுதினார்.

தமிழ் படித்தவளுக்கு இது எங்கே போய்த் தைக்கும்? 'ஔவையார் எத்தனை பேர்' என்ற கேள்வி நம் வகுப்பறைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. சங்கப் பாடல்களில் 59 அவர் பெயரில் உள்ளன. ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்தியவர். ஆண்கள் மூவரின் கட்டுரைகளைப் பிரித்தறிய ஒரு கருவியே பிறந்திருக்கிறது. நம் பெண்பாற் புலவரின் பெயரைக் கணினியில் தேடினால் என்ன ஆகிறது என்று பார்த்தேன். சில பனுவல்களில் வருகிறார், சிலவற்றில் இல்லவே இல்லை. பிறகு உற்றுப் பார்த்தால், பல இடங்களில் 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ'வும் 'ள'வும் அடுத்தடுத்து அடிக்கப்பட்டிருந்தன. கண்ணுக்கு இரண்டும் ஔவைதான். கணினிக்கு இரண்டாமவள் 'ஒளவை' என்ற வேறொருத்தி. அவ்வை என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஔவையார் எத்தனை பேர் என்ற கேள்விக்கு கிரெப் சொல்லும் விடை, தட்டச்சு செய்தவர்கள் எத்தனை விதமாக அடித்தார்கள் என்பதுதான்.

யூனிக்ஸின் தத்துவம் ஒன்றைச் சொல்லவேண்டும். சிறிய கருவிகள், ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்யும், ஒன்றின் விளைவு இன்னொன்றின் வாய்க்குள் போகும். டக் மெக்கில்ராய் வற்புறுத்தி 1973இல் அமைந்த இந்த இணைப்புக்குக் குழாய் என்று பெயர். பனுவலைச் சொற்களாக உடை, வரிசைப்படுத்து, ஒரேமாதிரியானவற்றை எண்ணு, எண்ணிக்கைப்படி மீண்டும் வரிசைப்படுத்து என்று நான்கு கட்டளைகளைக் குழாயில் கோத்தால் ஒரு நூலின் சொல்லடைவு கையில் வந்துவிடும். சொல்லடைவு தயாரிக்க ஒருவர் எத்தனை ஆயிரம் அட்டைகளை எழுதியிருப்பார் என்பதைப் பல்கலைக்கழக நூலகங்களில் பார்த்தவளுக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சலாகவும் இருக்கும்.

இந்த வரலாற்றில் ஆண் பெயர்களே அடுக்கடுக்காக வருவதைக் கவனித்திருப்பீர்கள். ஆக் என்ற மொழி, 1977இல் அதை உருவாக்கிய அஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரின் முதலெழுத்து. ஷெல்களில் ஒன்று 1979இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் பெயரைத் தாங்கியது. 1989இல் வந்த பேஷ் அந்தப் பெயரின்மீது செய்த சிலேடை. 1987இல் பெர்ல் மொழியை எழுதிய லாரி வால், அதற்குத் தன் மனைவியின் பெயரான குளோரியாவை வைக்க யோசித்து, வீட்டில் குழப்பம் வரும் என்று கைவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அதே பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செர்ரி இருந்தார். யூனிக்ஸின் கணக்குக் கருவியான டி.சி.யை ராபர்ட் மோரிஸுடன் சேர்ந்து எழுதியவர். பி.சி. என்ற கணக்குமொழியும் அவருடையதே. கணிதச் சமன்பாடுகளை அச்சுக்குக் கோக்கும் ஈ.க்யூ.என். மொழியை கெர்னிகனோடு உருவாக்கினார். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் உரைநடைக்காக எழுதிய நிரல்கள். ஒரு கட்டுரையில் எந்தச் சொல் பெயர், எது வினை என்று குறிக்கும் பார்ட்ஸ், வாக்கியங்களின் நீளத்தையும் வகையையும் அளக்கும் ஸ்டைல், தேய்ந்த சொற்றொடர்களைக் காட்டித்தரும் டிக்‌ஷன். இவற்றை அடித்தளமாகக் கொண்டு நைனா மெக்டொனால்ட் முதலானோர் 1980-களின் தொடக்கத்தில் ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச் என்ற தொகுதியை அமைத்தார்கள். அதில் ஒரு கட்டளையின் பெயர் செக்ஸிஸ்ட். உங்கள் கோப்பைக் கொடுத்தால், பெண்களைச் சிறுமைப்படுத்தும் அல்லது விலக்கிவைக்கும் சொற்களைச் சுட்டி, மாற்றுச் சொல்லையும் பரிந்துரைக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கட்டளைவரியில் இது இருந்திருக்கிறது என்று படித்த அன்று நான் சரியாகத் தூங்கவில்லை. செர்ரி 2022இல் காலமானார்.

மறுநாளே மகளும் நானும் உட்கார்ந்து தமிழுக்கு அப்படி ஒன்றைச் செய்து பார்த்தோம். மாணவர்களின் ஆய்வேடுகளில் 'கற்பழிப்பு' என்று வந்தால் வரி எண்ணோடு காட்டும் கிரெப் வரி. அது நன்றாகவே வேலை செய்கிறது. அடுத்து ஆசை பெருகி, 'மாணவன்' என்று வருவதையெல்லாம் செட் கொண்டு 'மாணவர்' என்று மாற்றப் போனேன். 'மாணவன்' மாறியது. 'மாணவனை', 'மாணவனுக்கு', 'மாணவனின்' எல்லாம் அப்படியே நின்றன. 'மாணவன் வந்தான்' என்பது 'மாணவர் வந்தான்' ஆயிற்று. செட்டின் பலமும் பலவீனமும் இதுதான். ஒரு வரியில் ஓராயிரம் இடங்களை மாற்றிவிடும். மாற்றியபின் வினைமுற்று என்ன ஆகும் என்ற கவலை அதற்கில்லை. சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொண்ட அந்தப் பழைய கட்டளை எத்தனை விவேகமானது என்று அப்போது தெரிந்தது.

இனி மொழிகளின் குணங்களுக்கு வருகிறேன். எனக்குப் பழக்கமான சோதனை ஒன்று உண்டு. 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து எத்தனை எழுத்து என்று கேட்பேன். முதல் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். பைத்தான் மொழி ஐந்து என்கிறது. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் இருப்பதால். ஆக் மொழி சில கணினிகளில் ஐந்து என்றும் சிலவற்றில் பதினைந்து என்றும் சொல்கிறது. உபுண்டுவில் இயல்பாக வரும் மாக் என்ற வகை பைட்டுகளை எண்ணுகிறது. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட்டு. நிரல் ஒன்று, கணினி இரண்டு, விடை இரண்டு. கெர்னிகன் தன் 80 வயதில், 2022இல், மூல ஆக் மொழிக்கு யூனிகோடைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார் என்பது ஆறுதலான செய்தி. பெர்ல் மட்டும் மூன்று என்று சொல்லவல்லது. அதில் 'கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரிவது' என்று கேட்கத் தனிக் குறி உண்டு. லாரி வால் மொழியியல் படித்தவர் என்பது இதில் தெரிகிறது. ஆனால் பெர்லில் எழுதியதை மூன்று மாதம் கழித்துப் படித்தால், நம் கையெழுத்தா இது என்று இருக்கும். குறிகளாலேயே பேசும் மொழி. நாஞ்சில் நாட்டுப் பழைய நெல்கணக்கு ஓலைகளில் நாழி, மரக்கால், கோட்டைக்கெல்லாம் சுழியும் கீற்றும் போட்டிருப்பார்கள். எழுதிய கணக்கருக்கு அது வேகம், படிக்கிற நமக்குத் தலைவலி.

பைத்தான் அப்படியல்ல. படிக்க இதமானது, மாணவிகளுக்குச் சொல்லித்தர உகந்தது. என் வகுப்பில் தமிழிலக்கியம் படிக்கும் பெண்கள் இரண்டு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால்தான் அது செய்யும் ஒரு துரோகம் கூடுதலாக வலிக்கிறது. சொற்களை உடைக்க அதனோடு இயல்பாக வரும் வடிவத்தேடல் கருவியில் 'சொல்லுக்குரிய எழுத்து' என்று ஒரு குறி இருக்கிறது. தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாக மதிப்பதில்லை. 'தமிழ்' என்பதைக் கொடுத்தால் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டு கிடைக்கும். 'பெண்' என்பது 'ப', 'ண'. ஆங்கிலத்தில் எழுதிய பாடநூலைப் பின்பற்றும் மாணவி, தவறு தன்னுடையது என்றே நினைப்பாள். ரீஜெக்ஸ் என்ற தனி நூலகத்தை நிறுவினால் சரியாகிவிடும். அதை முதல் பாடத்திலேயே சொல்லவேண்டும். 2008இல் பைத்தான் 3 வந்தபோது பழைய நிரல்கள் ஓடாமல் போனது என்று பலர் இன்றும் குறைப்படுவார்கள். நமக்கு அது நன்மையே செய்தது. எழுத்து வேறு, பைட்டு வேறு என்று அந்தப் பதிப்புதான் ஒழுங்காகப் பிரித்தது.

விண்டோஸில் 2006இல் வந்த பவர்ஷெல்லை நான் அதிகம் பழகவில்லை. துறைக் கணினியில் அதன் பழைய பதிப்பில் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்தேன். தலையில் கோடு விழுந்த சிறிய 'ஏ'யும் வட்டத்துக்குள் அடைபட்ட 'ஆர்' எழுத்தும் பக்கம் முழுக்க அணிவகுத்தன. குறிமுறை இன்னதென்று ஒவ்வொரு முறையும் சொல்லவேண்டும் என்று பிறகு அறிந்தேன். மூடிவிட்டேன்.

அகரவரிசை இன்னொரு தொல்லை. யூனிகோடின் வரிசையில் ல, ள, ழ, வ என்று வரும். நம் வரிசையோ ல, வ, ழ, ள. ஆகவே குறியெண்படி வரிசைப்படுத்தினால் 'அழகி' முன்னே வந்து 'அவள்' பின்னே போகிறாள். ககர மெய் 'கௌ'வுக்கும் பிறகு வந்து நிற்கும். மரபு வரிசையை நாமே ஒரு பட்டியலாக எழுதிக்கொடுத்தால்தான் அகராதி அகராதியாக இருக்கும்.

இந்தத் தொல்லைகளைத் தமிழர்கள் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரமும் அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம் இல்லையென்றால் எனக்குத் தேடப் பனுவலே இல்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் பதிகிறது. நிபந்தனைச் சொல்லான 'ஆனால்' தமிழ் வாக்கியத்தில்போல் நிபந்தனைக்குப் பின்னால் வருகிறது. அவர் பங்களிப்பில் உருவான ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் 'தமிழ்' என்பதை மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும். கணியம் இதழ் வழியாக து. நித்யா எளிய தமிழில் எழுதிய லினக்ஸ் நூலை என் மாணவிகள் கைப்பேசியிலேயே படித்தார்கள். கட்டளைவரியைத் தமிழில் ஒரு பெண் சொல்லித் தருகிறாள் என்பது அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது, வியந்தது நான்தான்.

என் கோப்புகளுக்கு வருகிறேன். பாமினியை யூனிகோடாக்க செட்டில் ஒரு நீண்ட விதித்தொகுப்பு எழுதினேன். பாமினியில் பார்வை வரிசைதான் முறை: 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில், அதன்பின் ஒகரக் குறி. ஒகரத்துக்கான விதி முன்னால் வரவேண்டும், எகரத்துக்கான விதி பின்னால். நான் மாற்றிப் போட்டுவிட்டேன். பாதிக் கோப்புகளில் கொம்பும் காலும் தனித்தனியாக நின்றன. திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் 'கொலை' என்று தேடினால் அந்தக் கோப்புகளில் ஒரு கொலையும் கிடைக்காது. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகத் திரும்பும் கதையும் அவற்றில் உண்டு. அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு கருத்தரங்கில் கட்டுரையும் படித்துவிட்டேன்; கதைப்பாடல்கள் கொலையைப் பெயர் சொல்லாமல் மறைக்கின்றன என்று. யாரும் மறுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து நானே கண்டுபிடித்துத் தொகுப்பாளருக்குத் திருத்தம் அனுப்பினேன். இன்னொரு பிழையும் இருந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நீக்கிவிட்டுத் தேடுவது வழக்கம். பாமினியில் அப்படிச் செய்தால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஒன்றாகிவிடும். 'பேய்' என்பது 'பெய்' ஆகும். நீலி மழையாகிவிட்டாள்.

திருத்திய பின் வேறு கேள்வியைக் கேட்டேன். 'பெண்' என்ற சொல்லை எண்ணி என்ன பயன்? கவிமணியின் மருமக்கள் வழி மான்மியத்தைச் சொல்கிறவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. அவள் 'நான்' என்று பேசுகிறாள்; 'பெண்' என்று தேடினால் அகப்படுவாளா? ஆனால் கதைப்பாடல்கள் அவளைப் படர்க்கையில் சொல்கின்றன. தமிழ் வினைமுற்று பால் காட்டும். 'ஆள்' விகுதியில் முடியும் சொற்களைத் தேடினால் அவள் செய்ததெல்லாம் வரிசையாக வரும். ஆங்கிலத்தில் இப்படி ஒரு வரியில் கேட்கவே முடியாது. நாள், வாள், தாள் ஆகியவற்றைக் களைந்துவிட்டுக் குழாயில் விட்டேன். அழுதாள், நின்றாள், போனாள், சொன்னாள். 'அழுதாள்' முதலில் நின்றது.

அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு ஒழுகினசேரியில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். கடை மூடிப் பல வருடமாயிற்று. நாகர்கோவிலில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் ஹையர் முடித்து, பதினெட்டு வருடம் மற்றவர்களின் ஆய்வேடுகளை அடித்தவர். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் ஆய்வேட்டின் நன்றியுரையையும் அவரே அடித்தார். அதில் அவர் பெயர் இல்லை. இப்போதாவது எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "அதொண்ணும் வேண்டாம் மக்களே" என்றார்.

பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார்.

"அழுதாள் நெறைய வரும், சரிதான். அடிச்சு அடிச்சு எனக்கே அழுக வந்துச்சு. ஆனா சிரிச்சது எங்க? நீலி சிரிப்பாளே?"

சிரித்தாள் என்பது பட்டியலில் அடியில், இரண்டே இடத்தில் இருந்தது.

"பாட்டுல அப்படியா வரும்? சிரிச்சாளே, சிரிச்சாளேன்னுல்லா பாடுவாவ. 'ளே' போட்டுத் தேடுனியா?"

போடவில்லை. நான் தேடியது புள்ளி வைத்த ளகரத்தை. வில்லில் பாடும்போது வரியின் கடைசி வினை ஏகாரத்தில்தான் இழுத்து முடியும். அன்றிரவு புள்ளியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன்.